பாட்டுக்கு அடியில் இருந்த குரல்

என் கடையில் இருக்கும் பழைய வீடியோ டெக்கின் முகப்பில், கீழ்ப்பக்கமாகத் திறக்கும் ஒரு சின்ன மூடிக்குப் பின்னால், தீக்குச்சித் தலை அளவுக்கு ஒரு சுவிட்ச் உண்டு. நகத்தால்தான் தள்ள வேண்டும். இடது, நடு, வலது என்று அதற்கு மூன்றே நிலைகள். என் வாழ்க்கையில் நான் எடுத்த முடிவுகளைக் கணக்குப் பார்த்தால் கல்யாணம், கடை, கண்ணமங்கலத்திலேயே தங்கிவிடுவது என்று நாலைந்து தேறும். எல்லாவற்றிலும் யாரையாவது கலந்துகொண்டேன், யாராவது தடுத்தார்கள், யாராவது அழுதார்கள். இந்தச் சுவிட்சை வலதுபக்கம் தள்ளியபோது மட்டும் பக்கத்தில் ஒருவரும் இல்லை, ஒரு டம்ளர் டீ மட்டும் இருந்தது. அந்த டீ எப்படி இருந்தது என்றுகூட எனக்கு நினைவிருக்கிறது. ஆறிப்போயிருந்தது.

அந்தச் சுவிட்ச் என்ன செய்யும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீடியோ கேசட்டில் சத்தம் இரண்டு இடத்தில் பதியும். நாடாவின் ஓரத்தில் மெல்லிய கோடாக ஒன்று. படத்துக்கு அடியிலேயே, ஆழத்தில், இன்னொன்று. ஓரத்துச் சத்தத்தை அழித்துவிட்டு அதன்மேல் வேறு சத்தத்தை ஏற்றலாம். அடியில் இருப்பதை ஒன்றும் செய்ய முடியாது. படத்தை அழித்தால்தான் அது அழியும். சுவிட்ச் இடதுபக்கம் இருந்தால் அடிச் சத்தம் கேட்கும், வலதுபக்கம் இருந்தால் ஓரத்துச் சத்தம், நடுவில் இரண்டும். கல்யாண வீடியோ எடுத்த காலத்தில் மற்றவர்கள் இரண்டு டெக் வைத்து, ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்கு வெட்டி ஒட்டி எடிட்டிங் செய்தார்கள். என்னிடம் இருந்ததோ ஒரு கேமரா, ஒரு டேப் ரெக்கார்டர், ஒரு ஒயர். எடுத்த கேசட்டிலேயே ஓரத்துச் சத்தத்தின் மேல் சினிமாப் பாட்டை ஏற்றி அப்படியே கொடுத்துவிடுவேன். மலை மேலே எடுத்த கல்யாணம் எல்லாம் இந்தக் கணக்குத்தான். என் விசிட்டிங் கார்டில் இதற்கு 'டிஜிட்டல் மிக்சிங்' என்று போட்டிருந்தேன். அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் யாரும் என்னைக் கூப்பிடவில்லை, அதனால் பிழைப்பு ஓடியது.

அப்படி நான் எடுத்த கல்யாணங்களில் ஒன்று ஜீப்பு அண்ணனுடையது. ஜவ்வாது மலையிலிருந்து ஆளையும் புளியையும் பலாப்பழத்தையும் ஏற்றிக்கொண்டு கீழே வருவார், அரிசியும் மண்ணெண்ணெயும் ஆளுமாக மேலே போவார். பஸ் வராத நாள் அதிகம் என்பதால் அவர்தான் பஸ். கல்யாணத்தன்று காலையில் என்னையும் கேமராவையும் ஜெனரேட்டரையும் ஏற்றிப்போக யாராவது வருவார்கள் என்று ரோட்டோரம் நின்றிருந்தேன். ஜீப் வந்து நின்றது. கன்னத்தில் மஞ்சளோடும் கழுத்தில் மாலையோடும் ஓட்டிவந்தவர் மாப்பிள்ளையேதான்.

"இன்னா அண்ணே இது, நீங்களே வந்துட்டீங்க?"

"வேற எவனுக்கு வீடியோக்காரரே இந்த வண்டி கேர் வுழும்? ஏறுங்க. மேல பொண்ணு குந்தினு கீது."

மாப்பிள்ளை ஓட்ட, மாலைப் பூ கியர்க் கம்பியில் உரச, பின்னால் ஜெனரேட்டரைக் கட்டிப்பிடித்தபடி நான் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பாதி வழியில் அவர் வண்டியை நிறுத்தி, மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். "வளைவுல ஸ்டேரிங்குல மாட்டுது. செத்த நேரம் நீங்க மாப்பிள்ளையா இருங்க" என்றார். ஊருக்குள் நுழைந்ததும் என் கழுத்தில் மாலையைப் பார்த்து அவருடைய சித்தப்பா ஒருவர் கம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவ்வளவு சிரித்த காலை அது. நான் இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது சொல்லும்போது முன்பு எந்த இடத்தில் சிரிப்பேன் என்று தெரிகிறது, சிரிப்புத்தான் வரவில்லை.

பெண் உள்ளே பாயில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பத்துப் பதினைந்து பெண்கள். ஜெனரேட்டரின் வெளிச்சத்தைப் போட்டுக் கேமராவைத் தோளில் வைத்தால் கண்ணாடியில் விழுவது தலைப்பூவும் வகிடும்தான். நிமிரச் சொன்னேன், நிமிரவில்லை. கெஞ்சினேன், இன்னும் குனிந்தார். பிறகு என் வழக்கமான ஆயுதத்தை எடுத்தேன்: "ஏம்மா, தரையில இன்னா தேடறே? இப்படியே இருந்தா கேசட்ட போட்டுப் பாக்கறவங்க, ஜீப்பு அண்ணன் ஒரு மொழம் பூவைக் கட்டிகினாருன்னு நெனச்சிக்குவாங்க!" பெண்கள் சிரித்தார்கள். நான் என் பெருமையில் நின்றிருந்தேன். அப்போது அவர் சட்டென்று நிமிர்ந்தார். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கி, நேராகக் கேமராவைப் பார்த்து, என்னிடம் ஏதோ சொன்னார். ஏழெட்டு வார்த்தை இருக்கும். அறையே வெடித்துச் சிரித்தது. ஒரு பாட்டியம்மாள் என் முதுகில் தட்டி, "வாங்கிகினியா!" என்றார். நான் சிரித்த சிரிப்பில் கேமரா ஆடியது. அவர் புறங்கையால் வாயை மூடிக்கொண்டு மறுபடி குனிந்துவிட்டார். மாப்பிள்ளை அந்த நேரத்தில் வெளியே ஜீப்பின் அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குச் சிரிப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பத்து நாள் கழித்து அந்தக் கேசட் முழுக்கப் பாட்டேற்றிக் கொடுத்தேன். பெண் நிமிரும் இடத்தில், நிலாவைப் பெண்ணோடு ஒப்பிடும் ஒரு பாட்டு சரியாக வந்து விழுந்தது. என் தொழிலில் நானே எனக்குக் கைகொடுத்துக்கொண்ட தருணங்களில் அதுவும் ஒன்று. மலையில் அவர்கள் வீட்டில் டெக் கிடையாது. வாடகைக்கு எடுத்துப்போய் இரண்டு மூன்று முறை ஊரே உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். கல்யாண வீடியோ என்றால் படம் ஓடும், பாட்டு கேட்கும், வாய்கள் சும்மா அசையும் என்பதுதான் அங்கே எல்லோருக்கும் தெரிந்தது. கேமரா பேச்சைப் பிடிக்காது என்றே ஜீப்பு அண்ணன் நம்பியிருந்தார். அப்படி நம்பவைத்தவன் நான்தான், நானும் என்னைப் போன்றவர்களும். பத்து வருடம் அந்த மலையில் ஒரு மனிதக் குரலைக்கூட நாங்கள் வீடியோவில் விடவில்லை.

அந்தப் பெண்ணுக்கு, எனக்கு அண்ணி முறை, ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு எட்டு மாதம் இருக்கும்போது அண்ணிக்குக் காய்ச்சல் கண்டது, மூன்றாம் நாள் நினைவு தப்பியது. அதே ஜீப்பில் இறக்கிக்கொண்டு வந்தார்கள். அடிவாரம் வருவதற்குள் போய்விட்டார். அதன் பிறகு ஜீப்பு அண்ணன் வேறு கல்யாணம் செய்யவில்லை. கடைக்கு வருவார், பென்ச்சில் உட்காருவார், நான் ஏதாவது உளறுவேன், சிரிப்பார். சிரித்து முடித்ததும் முகம் பழைய இடத்துக்கு அவசரமாகப் போய்விடும். நான் விடாமல் இன்னொன்று சொல்லுவேன். சோகத்தைக் கண்டால் எனக்குப் பயம். நாயைக் கண்டு ஓடுகிறவன்போல நான் ஜோக்குக்குள் ஓடிவிடுவேன்.

கேசட்டுகள் எல்லாம் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிய காலத்தில் நான் ஒரு கம்ப்யூட்டரும், கேசட் படத்தை அதற்குள் இறக்கும் ஒரு கேப்ச்சர் கார்டும் வாங்கி, 'பழைய கேசட்டை டிஸ்க்கில் பதிவு செய்து தரப்படும்' என்று போர்டு வைத்தேன். ஜீப்பு அண்ணன் துண்டில் சுற்றிக் கேசட்டைக் கொண்டுவந்தார். "இதான் கீது அவளோடது. பாத்துப் பண்ணுங்க" என்றார். பார்த்துத்தான் பண்ணினேன். அந்த மாதிரி அக்கறையோடு நான் எந்த வேலையும் செய்ததில்லை. மற்றவர்களுக்கு மூன்று மணி நேரக் கேசட்டையும் ஒரே டிஸ்க்கில் அமுக்குவேன், முகமெல்லாம் சதுரம் சதுரமாக உடையும். அவருக்கு இரண்டு டிஸ்க் எடுத்துவைத்தேன். படத்தின் அளவு முழுசாக, தரம் இருப்பதிலேயே உயர்ந்த படி. கோடு கோடாக வரும் அசைவைச் சரிசெய்ய கோடுகளில் எந்த வரிசை முதலில் என்று கம்ப்யூட்டர் கேட்கும் இடத்தில் இரண்டையும் போட்டுப் பார்த்து, கை அசைவு உதறாமல் வந்ததை வைத்தேன். கேசட்டின் பூஞ்சையைப் பஞ்சால் துடைத்தேன், நாடாவைப் படிக்கும் டெக்கின் தலையைக் கழுவினேன். ஒரு காலைப் பொழுது முழுக்க இதற்கே போனது. சத்தத்துக்கு நான் ஒதுக்கிய நேரம் ஒரு நிமிடம்.

அந்த ஒரு நிமிடத்தில் சுவிட்ச் இடதுபக்கம் இருந்தது. அடியில் உள்ள சத்தம். ஓடவிட்டதும் மலைக் காற்று கேட்டது, மேளம் கேட்டது, அவற்றுக்கு மேலே ஒரு குரல் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. "அண்ணே நவுருங்க! பாட்டி, நீ சிரிச்சா கேமராவுக்கே வெக்கம் வருது! ஏய், அந்த நாயைத் தொரத்துங்கப்பா, அது மொய் வெச்சிட்டுதான் போவும்போல!" யாருடா இந்த அறுவை என்று ஒரு கணம் நினைத்தேன். நான்தான். என் இருபத்தைந்து வயதுக் குரல், கீச்சென்று, தன்னைத் தானே ரசித்துக்கொண்டு. உடம்பெல்லாம் கூசியது. பாவம், செத்துப்போன மனைவியைப் பார்க்க நினைக்கிறவர் காதில் மூன்று மணி நேரம் இந்தக் கூத்தாடியின் சத்தமா என்று தோன்றியது. அதைவிட உண்மையைச் சொன்னால், என் மானம் போகிறதே என்றுதான் தோன்றியது. நகத்தால் சுவிட்சை வலதுபக்கம் தள்ளினேன். நிலாப் பாட்டு வகையறா ஓடத் தொடங்கியது. டீயைக் குடித்துவிட்டுப் பதிவைத் தொடங்கினேன். பெண் நிமிரும் இடம் அங்கிருந்து இருபது நிமிடத் தொலைவில் இருந்தது. அந்த இருபது நிமிடத்தை நான் என் குரலோடு பொறுத்துக்கொண்டிருந்தால் போதும்.

டிஸ்க்கை வாங்கிக்கொண்டவர், கேசட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்த இன்னா பண்றது?" என்றார். பொறுப்பாக நான் அதைப் பின்னோக்கி ஆரம்பத்துக்கே சுற்றிவைத்திருந்தேன். "இனிமே இதுல ஒண்ணும் இல்லண்ணே. நாடாவ உருவி சாமைக் கொல்லையில கட்டுங்க. காத்துல விர்ர்ருனு சத்தம் போடும். குருவிங்க கல்யாணத்த பாத்துட்டு, சாப்டாம போவும்" என்றேன். பென்ச்சில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மலையில் குருவி விரட்ட நாடா கட்டுவது உண்டு. ஆடியோ கேசட் நாடா மெலிசு, அறுந்துவிடும். வீடியோ நாடா அகலம், வெயில் பட்டால் பளபளக்கும், நன்றாக உழைக்கும். விஷயம் தெரிந்தவன் சொன்னால் அது யோசனை. அவரிடம் நான் விஷயம் தெரிந்தவன்.

போன மாதம் அவர் மகள் அவரைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். வேலூரில் நர்சிங் படிக்கிறாள். அண்ணியின் நெற்றி அப்படியே. டிஸ்க்கை யாரிடமோ கொடுத்து முழுவதையும் போனில் ஏற்றி வைத்திருந்தாள்.

"மாமா, இப்பல்லாம் பாட்டத் தனியா, பேச்சத் தனியா பிரிக்க வருதாமே, எங்க ஹாஸ்டல் பொண்ணு சொல்லிச்சு. இந்த எடத்துல அம்மா ஏதோ பேசறாங்க மாமா. பாட்ட மட்டும் எடுத்துடுங்க. எனக்கு அது போதும்."

போனை நீட்டினாள். அண்ணி நிமிர்கிறார், கண்ணைச் சுருக்குகிறார், உதடு அசைகிறது. நிலா, நிலா என்று பாட்டு போகிறது. இந்தப் பெண் தன் அம்மாவின் குரலை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. எட்டு மாதத்தில் கேட்டது எந்தக் குழந்தைக்கு நினைவிருக்கும்? நான் விளக்கினேன். அந்தப் பாட்டைப் பிரித்தாலும் கீழே ஒன்றும் இருக்காது, பேச்சை அழித்துவிட்டுத்தான் பாட்டு ஏறியிருக்கிறது என்றேன். சொல்லும்போதே டெக்கின் அந்தச் சுவிட்ச் நினைவுக்கு வந்தது. "அண்ணே, அந்தக் கேசட் எங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "நீங்கதானே கொல்லையில கட்டச் சொன்னீங்க?"

மறுநாளே மேலே போனோம். நாலு விளைச்சல் பார்த்த கொல்லை. கட்டியிருந்த குச்சிகளில் மூன்று மட்டும் நின்றன. ஒன்றில் முடிச்சு மட்டும் இருந்தது. வரப்போரம் மண்ணைக் கிளறினால் நாடா துண்டு துண்டாக வந்தது. கையில் எடுத்தால் கறுப்பு உதிர்ந்து வெறும் கண்ணாடித் தாளாக நின்றது. பலாமரத்தில் சிக்கியிருந்த ஒரு நீளத் துண்டை அந்தப் பெண் கல் மேல் ஏறி, அறுந்துவிடாமல், கிளை கிளையாக விடுவித்து எடுத்தாள். அதுவும் வெளுத்திருந்தது. குருவி வந்ததா என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "நீங்க சொன்னது நல்லா வேல செஞ்சது வீடியோக்காரரே. அந்த வருசம் ஒரு குருவி எறங்கல." என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். அதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம்.

வீட்டுப் பரணில் கேசட்டின் கூடு கிடந்தது. உள்ளே சக்கரத்தில் கொஞ்சம் நாடா மிச்சம். கொல்லைக்கு இவ்வளவு போதும் என்று அவர் நிறுத்திய இடம். அந்தப் பெண் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே கீழே வந்தாள். புதுக் கூட்டில் ஒட்டி, டெக்கில் போட்டு, முதல் வேலையாகச் சுவிட்சை இடதுபக்கம் தள்ளினேன். சத்தம் வந்தது. எவ்வளவு சுத்தமாக வந்தது தெரியுமா! பாத்திரம் உருட்டும் சத்தம், எங்கோ ஒரு குழந்தையின் அழுகை, இலை எடுக்கச் சொல்லும் யாரோ ஒருவர், ஒவ்வொன்றும் தனித்தனியாக. அந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு டிவிக்கு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பெண் குரலுக்கும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஒவ்வொரு முறையும் இல்லை என்று தலையசைத்தார். ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. பிறகு என் குரல், பக்கத்தில், பெரிதாக: "பேட்டரி பூட்ச்சி! அவ்ளோதாங்க, எல்லாரும் வூட்டுக்குப் போய் சண்ட போடுங்க!" திரை நீலமானது. முதலில் இருந்த நாடா முதலில் கொல்லைக்குப் போயிருந்தது. எனக்கு மிஞ்சியது நானே.

"அப்ப மொத்தமும் உள்ளதான் இருந்திச்சா?" என்றார் ஜீப்பு அண்ணன். ஆமாம் என்றேன். "டிஸ்க்கு போட்டப்பவே இது கேட்டிருக்குமா?"

"அப்ப இந்த மெஷினு இல்லண்ணே" என்றேன். அதே மெஷின். அவர் கை வைத்திருந்ததே அதன் மேல்தான்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "மாமா, அம்மா உங்ககிட்டதானே பேசனாங்க? நீங்கதானே எதுர்ல நின்னீங்க? இன்னா சொன்னாங்க?"

யோசித்தேன். வெளிச்சம் நினைவிருந்தது, பாய் நினைவிருந்தது, முதுகில் விழுந்த தட்டு நினைவிருந்தது. ஒரு முழம் பூ என்று நான் சொன்னது எழுத்துக்கு எழுத்து நினைவிருந்தது. இத்தனை வருடமாக அந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம் என் ஜோக்கோடு முடித்துவிடுவேன். அவர் பதிலை நான் ஒருநாளும் சேர்த்ததில்லை, அதில் தோற்றது நான் என்பதால். சொல்லாமல் விட்டதில் அது மறந்தே போயிருந்தது. நினைவில் இல்லை என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்ல? என் வாய்க்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. யோசிப்பதற்கு முன்னால் அது சொல்லிவிட்டது.

"உன் பொட்டிக்கே நான் நிமிந்து பாத்துட்டா, நாளைக்கு எங்க வூட்டுக்காரருக்கு இன்னா மிச்சம் இருக்கும்னாங்கம்மா."

"உன் பொட்டின்னா? மரியாத இல்லாமயா?"

"எனக்கு எவன் மரியாத குடுத்தான்?"

அவள் கைதட்டிச் சிரித்தாள். ஜீப்பு அண்ணன் சிரிக்கவில்லை. "அவ அவ்ளோ பேசமாட்டாளே" என்றார், யாரிடமும் இல்லாமல்.

"பேசியிருக்காங்கப்பா, வாய் அசையுது பாரு." அவள் போனில் அந்த இடத்தை எடுத்து, பாட்டின் சத்தத்தை முழுக்கக் குறைத்தாள். அண்ணி நிமிர்ந்தார். உதட்டோடு சேர்த்து அவள் சொல்லிப் பார்த்தாள். அண்ணி வாயை மூடிக் குனிந்த பிறகும் இரண்டு வார்த்தை மிச்சமிருந்தது. "நீளமா வருதே மாமா" என்றாள். நான் டெக்கின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவளாகவே 'நாளைக்கு' என்பதை விட்டுப் பார்த்தாள், 'நிமிந்து பாத்துட்டா' என்பதை 'நிமிந்துட்டா' என்று சுருக்கினாள், வேகத்தைக் கூட்டினாள். நாலாவது முறை பொருந்திவிட்டது. "அப்பா, சரியா உக்காந்துச்சு பாரு!" என்று அவர் பக்கம் போனைத் திருப்பி, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். அவர் குனிந்து பார்த்தார். உதடு அசைந்தது. அவள் குரலில் என் வாக்கியம் வந்தது.